படலையில் திரும்பிய வெற்றிலை வட்டா

மகனே,

காலையில் இருந்து இதை எழுத உட்கார்வதும் எழும்பிப் போய் வாசல் படலையைப் பார்ப்பதுமாகத் திரிகிறேன். கச்சான் காற்று இந்த முறை பேயாட்டம் ஆடுகிறது. படலை அடிபடுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் கரடியனாற்றில் இருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று நெஞ்சு திக்கென்கிறது. போய்ப் பார்த்தால் காற்று. உன் அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, "ஒரு இடத்தில இரிகா, பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்கிறார். நேற்று நான் செய்துவிட்டு வந்த காரியத்துக்கு ஒரு இடத்தில் இருக்க முடியுமா? அவருக்கு அது விளங்காது, அல்லது விளங்கியும் விளங்காதது போலக் கிடக்கிறார்.

இந்தக் கடிதம் உனக்கும் வரும், நம் தாழங்கரை நாவல் வாசகர் குழுவுக்கும் போகும். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் அந்தச் சொல்லை அத்தனை பெண்களுக்கும் முன்னால்தான் சொன்னேன். ஊர் கேட்கச் சொன்னதை உன் காதுக்குள் மட்டும் திருப்பி எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை. குழுவில் விஷயம் தெரியாதவர்கள் பலர், தூர இடத்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் முதலில் இருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசி. ஓடி ஓடி வாசித்துக் கடைசிப் பக்கத்துக்குப் போகிற பழக்கம் உனக்கு உண்டு, இதில் அது வேண்டாம்.

நான் ஊர் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். உன் சின்ன வயதில் பாதி என் மேசைக்குக் கீழேதான் கழிந்தது. எல்லாவற்றையும் அதனதன் தட்டில் வைத்துப் பழகிய கை இது. வரலாறு வரலாற்றோடு, சமையல் சமையலோடு. காதல் நாவல்கள் மட்டும் பூட்டுப் போட்ட அலுமாரியில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மேலே இருந்தவர்களின் உத்தரவு. திறப்பு என் இடுப்பில். அதைக் கேட்டு எத்தனை பிள்ளைகள் என் பின்னால் அலைந்தார்கள், எத்தனை பேருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன் என்பதை இப்போது சொல்லலாம், வேலை போகாது.

தாழங்கரை நாவல்களை எனக்குக் காட்டித் தந்தவள் காத்தான்குடித் தையற்காரி ஹிதாயா, என் சிநேகிதி. முதல் புத்தகத்தைக் கையில் தந்து, "மிஸ், இத வாசிச்சிப் பாருங்க. சோறு அடிப்பிடிச்சா என்னக் கேக்காதீங்க" என்றாள். சோறு அடிப்பிடிக்கத்தான் செய்தது. எழுதினவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, அட்டையில் ஒரு புனைபெயர் மட்டும். ஆனாலும் இந்த மண்ணின் ஆள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல் பக்கம் படுவான்கரை, இந்த இரண்டு கரைக்கும் இடையில் இருக்கிற சிரிப்பும் இளக்காரமும் வெளியூர்க்காரருக்கு எழுத வராது. அதோடு, மட்டக்களப்பைப் பற்றி எழுதிவிட்டு, எல்லாரும் இழுக்கிற வாவியின் பாடும் மீனைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத மனிதர் அவர். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

மேகலா படுவான்கரைப் பெண். சுதாகரன் நம் எழுவான்கரைப் பையன். ஓடத்தில் வாவியைக் கடக்கும்போது இரண்டு பேரின் சைக்கிளும் ஒன்றோடொன்று சிக்கி, அக்கரை வரும்வரைக்கும் பிரிக்க முடியவில்லை. அவ்வளவுதான். ஏழு புத்தகத்துக்கு அது போதுமாக இருந்தது. முதல் புத்தகத்தின் முடிவில் மேகலாவின் தாய் மாப்பிள்ளை கேட்டு இந்தப் பக்கம் வருகிறாள். நம் பகுதியில் பெண் வீட்டார்தானே கேட்டு வருவது. கையில் வெற்றிலை வட்டா, அந்தக் கால் வைத்த பித்தளைத் தட்டு. படலை வரைக்கும் வருகிறாள், படலையில் கை வைக்கிறாள், பிறகு ஒரு சொல்லும் இல்லாமல் வட்டாவோடு திரும்பிப் போகிறாள். ஏன் திரும்பினாள் என்று அடுத்த ஆறு புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. நூலகப் பிரதியில் அந்தப் பக்கம் மட்டும் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பட்டு, பின்பக்கத்து எழுத்து தெரிகிற அளவுக்கு ஊறிப்போய்விட்டது.

முடிச்சு அது ஒன்றோடு நிற்கவில்லை. வாவி நடுவில் மணல்திட்டில் பாழடைந்த மீன்வாடி, மீன்பிடிக்காரர் கொட்டில் ஒன்று. அங்கே ஒவ்வொரு மாலையும் யாரோ விளக்குக் கொளுத்துகிறார்கள், யாரென்று தெரியாது. கடைசிப் புத்தகத்தில் சுதாகரனுக்குக் கலியாணம் நடக்கிறது. மணவறையில் இருக்கிற பெண்ணின் கழுத்துத் தெரிகிறது, தாலி கட்டுகிற கை தெரிகிறது, முகத்தை மட்டும் எழுதினவர் காட்டவே இல்லை. அது மேகலாவா, வேறு யாருமா? 'முற்றும்' என்றுகூடப் போடாமல் புத்தகம் முடிந்துவிட்டது. எட்டாவது வரும் வரும் என்று காத்திருந்த குமர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கலியாணமாகி, அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எழுதினவர் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அதனால்தான் ஹிதாயா வாட்ஸ்அப்பில் குழுவைத் தொடங்கினாள். ஆளுக்கொரு கதை. டொரொண்டோவில் இருக்கிற ஒருத்தி, சுதாகரனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள் என்றாள். கொழும்பில் இருந்து ஒருத்தி, படலையடியில் பல்லி சொல்லியிருக்கும் என்றாள். ஒரு பல்லியை நம்பி ஏழு புத்தகம் எழுதுவார்களா? நான் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள், 'மிஸ் சொன்னாச் சரி' என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வேலை போன பிறகு யார் இருக்கிறார்கள், நான் சொல்வதைக் கேட்க?

ஒரே ஒருத்திதான் எனக்கு ஈடு கொடுத்து வாய்காட்டுவாள். 'வெள்ளாமை' என்று பெயர் போட்டிருந்தாள். முகம் இல்லை, வயல் வரம்பில் வைத்த சேறு பூசின ஒரு சோடி பூட்ஸ்தான் படம். "மிஸ், நீங்க எல்லாத்தையும் தட்டில அடுக்கப் பாக்கிறீங்க. சிலது தட்டில நிக்காது" என்று எழுதுவாள். எனக்குக் கோபம் வரும், பிறகு சிரிப்பு வரும். காலையில், "மிஸ், தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பாள். நான் மகள் என்று கூப்பிடத் தொடங்கினேன். என் குறை உனக்குத் தெரியும். இந்தப் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. பெண்பிள்ளை இல்லாத வீடு யாருக்கென்று தெரியாமல் நிற்கும், நம் வீடு அப்படித்தான் நிற்கிறது. ஆர் பெற்ற பிள்ளையோ, இவள் நம் வீட்டில் பிறந்திருக்கக் கூடாதா என்று உன் அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் படலை விஷயம் மறுபடி கிளம்பியது. நான் குரல் பதிவு போட்டேன். "உங்க ஒருத்தருக்கும் விளங்கல்ல. நம்மட பகுதியில சம்பந்தம் பேசப் போனா முதல் கேள்வி என்ன? என்ன குடி? அந்தப் பிள்ளையும் பொடியனும் ஒரே குடி. அதான் விசயம். நமக்கு விளங்கும் எண்டுதான் அவர் எழுதாம விட்டிரிக்காரு." வெளியே உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், குடி இங்கே தாய்வழி வருவது. தாயின் குடிதான் பிள்ளைக்கு. ஒரே குடியில் பிறந்தவர்கள், முன்பின் கண்டிராவிட்டாலும், அண்ணன் தங்கை முறை. கலியாணம் பேச மாட்டார்கள். காத்தான்குடி முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு என்று ஹிதாயா சொல்வாள்.

வெள்ளாமை விடவில்லை. "மிஸ், அந்தப் பக்கத்தத் திரும்ப வாசிங்க. மாப்பிள்ளைட தாய் வீட்டு முத்தத்தில நிக்கிறா. காயப்போட்ட நெல்லக் காலால துழாவுறா. வந்தவவ நிமிந்து பாக்கிறா, மறுகா நெல்லத் துழாவுறா. குடி கேட்டதா ஒரு எழுத்தும் இல்ல. இல்லாதத நீங்க ஏன் போடுறீங்க?" என்று எழுதினாள். எத்தனையோ தடவை வாசித்த என்னிடமா? எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இன்னொரு பதிவு போட்டேன். "அதெல்லாம் கேக்கத் தேவல்ல புள்ள. ஒரே குடியில கலியாணம் முடிக்கிறது கூடப்பிறந்தவன முடிக்கிற மாதிரி. அந்தத் தாய் திரும்பிப் போனதுதான் மரியாத. எண்ட வீட்டுக்கு அப்பிடி ஒரு வட்டா வந்தா நான் படலையத் திறக்கவே மாட்டன்." பெருவிரல்களும் கைதட்டல்களும் வந்து குவிந்தன. அன்று பின்னேரம் வெள்ளாமை குழுவை விட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் காலையில் தேத்தண்ணி குடித்தேனா என்று கேட்க ஆள் இல்லை. என்ன கோபமோ பிள்ளைக்கு என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

பிறகு நீ சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுக்கொண்டு கொழும்பில் இருந்து வந்தாய். மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, ஒரு பிள்ளை இரிக்கி. நிரோஜா. படுவான்கரையில கரடியனாறு. விவசாயப் போதனாசிரியை. நான் அங்கால காணி அளக்க வந்த நேரம் பழக்கம்" என்றாய். மகனே, அந்த நேரம் எனக்கு எவ்வளவு கேள்வி இருந்திருக்க வேண்டும்! பிள்ளை எப்படி, உன்னைச் சிரிக்க வைப்பாளா, நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பொறுப்பாளா? என் வாயில் வந்தது ஒன்றுதான். "என்ன குடி?"

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "நம்மட குடிதான் அம்மா" என்றாய். நான் அகப்பையை வைத்துவிட்டேன். அப்போதுதான் மற்றதையும் சொன்னாய். "அவவ உங்களுக்குத் தெரியும். வெள்ளாமை எண்டு பேர் போட்டிரிந்தவ. நீங்க எப்பிடிப்பட்ட ஆள் எண்டு அறியத்தான் குழுவில சேந்தவ. படலையத் திறக்க மாட்டன் எண்டு நீங்க சொன்னத அவ கேட்டவ." என்னை அறிந்துகொள்ள வந்த பிள்ளை என்னை அறிந்துகொண்டது. நீ கை கழுவிவிட்டு வந்து, "நீங்க வேணாம் எண்டா நான் அவவ முடிக்கல்ல. வேற ஒருத்தரையும் முடிக்கவும் மாட்டன். கோவம் ஒண்டும் இல்லம்மா" என்றாய். லீவு முடிய முந்தியே பஸ் ஏறினாய். அன்றில் இருந்து பொழுதுபட்டால் போன் எடுத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிடுகிறாய். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு வழியாகப் போயிருக்கும். கோபம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதுதான் என்னை இருக்கவும் படுக்கவும் விடவில்லை.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. குடி எனக்கு வெறும் பெயரும் இல்லை. நீ பிறக்க முந்தி, சண்டைக் காலத்தில், நானும் உன் மாமாவும் ஊரை விட்டு ஓடிப் படுவான்கரையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலையடியில் நின்றோம். மழையில் நனைந்து, செருப்பும் இல்லாமல். உள்ளே இருந்து ஒரு மனுசி எட்டிப் பார்த்து, "என்ன குடி புள்ள?" என்று கேட்டாள். சொன்னோம். "அப்ப நீங்க எண்ட அக்காட பிள்ளையள்தானே? கடப்படியில ஏன் நிக்கிறீங்க, உள்ளுக்கு வாங்க" என்று படலையைத் திறந்தாள். அவளின் அடுப்படியில்தான் அந்த மாரி முழுக்கப் படுத்தோம். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்ததால் நாங்கள் பிழைத்தோம். அதே கேள்வியை உன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நான் கேட்டேன்.

உன் மாமா இப்போது கோயிலில் நம் குடிக்கு நிற்கிற வண்ணக்கர், குடியின் பேரில் பொறுப்புப் பார்க்கிறவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சத்தம் போடவில்லை. "அண்டைக்கு நம்மள உள்ளுக்கு எடுத்தது குடி. அத நீ உடைக்கப் போறியா? நீ இதுக்குத் தலையாட்டினா, திருவிழாவில எண்ட பக்கத்தில நீ வந்து நிக்க ஏலாது" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. என்னைத் தோளில் வைத்து வாய்க்கால் கடந்த அண்ணன் அவர். அவரைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உனக்கும் வரக் கூடாது. மாமா மாறாவிட்டாலும் வருசப்பிறப்புக்கு அவர் வாசலில் போய் நில். திறக்காவிட்டால் நின்றுவிட்டு வா.

உன் அப்பாவிடம் கேட்டேன். அவர், "நான் கலியாணம் முடிச்சி உங்கட வீட்டுக்கு வந்த ஆள். எண்ட குடி வேற. உங்கட குடிக்குள்ள நடக்கிறதுக்கு என்னட்ட என்ன கேக்கிற?" என்றார். இப்படி ஒரு புருசன். பிறகு சொன்னார், "நீதானே அந்தப் பிள்ளை நம்மட வீட்டில பிறந்திரிக்கலாம் எண்டு சொன்ன." அதைச் சொல்லிவிட்டுப் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். பஸ் ஓட்டின மனிதர், எந்த இடத்தில் பிரேக் போட வேண்டும் என்று தெரியும்.

அவரிடம் இருந்து நீ ஒன்றைப் படித்துக்கொள். நம் வழக்கப்படி ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நீயும் போக வேண்டி வந்தால், முதல் வருசம் அந்த வீட்டில் கருத்துச் சொல்லாதே. உன் அப்பா வந்த புதிதில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு உப்பில்லாத கஞ்சியைக் குடித்தவர். அவ்வளவுக்கும் வேண்டாம், உப்பைக் கேள். ஆனால் வேலி எங்கே வர வேண்டும், மாடு எங்கே கட்ட வேண்டும் என்று அளவைக்காரன் மாதிரி நிற்காதே. உனக்கு அந்தக் குணம் என்னிடம் இருந்து வந்தது.

நீ போனில் ஒருநாள் மட்டும் கொஞ்சம் கூடக் கதைத்தாய். நிரோஜாவுக்குத் தகப்பன் இல்லை, தாய்தான் எல்லாம். தாய்க்கு விஷயம் தெரியும், மகளின் பிடிவாதமும் தெரியும், ஆனாலும் வட்டாவோடு நம் வீட்டுக்கு வரமாட்டாளாம். "படலையில வச்சித் திருப்பி அனுப்புவாங்க எண்டு பயம் அம்மா அவக்கு" என்றாய். போனை வைத்த பிறகு நான் நூலகத்துக்குப் போய் அந்த முதல் புத்தகத்தை எடுத்து வந்தேன். எண்ணெய் ஊறிய அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிள்ளை சொன்னது சரி, குடி கேட்டதாக ஒரு எழுத்தும் இல்லை. நெல்லைத் துழாவுகிற கால் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புத்தகத்தை மூடினால் மனம் மூடவில்லை. அடுப்பைப் பார்ப்பேன், கிணற்றடிக்குப் போவேன், வந்து திரும்பவும் அதே பக்கத்தை விரிப்பேன்.

நேற்று வட்டாவைப் புளி போட்டு மினுக்கினேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், முறுக்கு, பயற்றம் உருண்டை. ஹிதாயாவின் புருசன் ஓட்டோவைக் கொண்டுவந்தார், துணைக்கு ஹிதாயா. "மிஸ், மாப்பிள்ள வீட்டுப் பொம்புள வட்டாவோட போறத ஆக்கள் கண்டா ஒரு கதை கட்டுவாங்க. முந்தானையால மூடுங்க" என்றாள். மூடவில்லை. களவெடுத்துக்கொண்டா போகிறேன்? ஆனால் கோயிலடியைக் கடக்கும்போது அண்ணன் வாசலில் நிற்கக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டுதான் போனேன். அவர் நின்றார். ஓட்டோவையும் பார்த்தார், என் மடியில் இருந்த வட்டாவையும் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரடியனாறு வரைக்கும் நான் அழுதுகொண்டு போனேன், ஹிதாயா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நிரோஜா வேலைக்குப் போயிருந்தாள். தாய் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் படலையில் கை வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து கூட்டத் தொடங்கினாள்.

அப்போது தெரிந்தது மகனே. மேகலாவின் தாய் ஏன் திரும்பினாள் என்று எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது. குடியும் இல்லை, பல்லியும் இல்லை. 'வாங்க' என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான். வட்டாவோடு ஒருத்தி வந்து நிற்கிறாள், வீட்டுக்காரி பார்க்கிறாள், பார்த்துவிட்டுத் தன் வேலையைச் செய்கிறாள். அதற்கு மேல் ஒரு மனுசி அங்கே நிற்பாளா? எனக்கும் கால் திரும்பிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு அடி திரும்பியும் விட்டேன். ஓட்டோவைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை என் குரலைக் கேட்டுவிட்டு இப்படித்தானே திரும்பிப் போயிருப்பாள் என்று அப்போது நினைவு வந்தது. திரும்ப வந்து படலையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடப்படியில நிக்கிறன்" என்றேன். விளக்குமாறோடு கிட்ட வந்தாள். ஒல்லியான மனுசி, நிரோஜாவின் வாய்த்துடுக்கு இவளிடம் இருந்துதான் வந்திருக்க வேண்டும். "உங்கள ஆரெண்டு தெரியும் மிஸ். உங்கட குரலும் தெரியும். மகள்ட போனில கேட்டன். படலையத் திறக்க மாட்டன் எண்டு சொன்னது நீங்கதானே?"

"ஓம், நான்தான்."

"மறுகா ஏன் வந்த? அதுவும் வட்டாவோட. மாப்பிள்ள வீட்டாக்கள் வட்டா தூக்கி வந்தத நான் எங்கயும் காணல்ல."

நான் வழி முழுக்க யோசித்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "நீங்களும் நானும் ஒரே குடி. அப்ப உங்கட மகள் எனக்கும் மகள் முறை. எண்ட மகன் உங்களுக்கும் மகன் முறை. அதானே எல்லாருக்கும் சிக்கல்? அப்ப பொம்புளப் பிள்ளைட தாய் நான் முறைப்படி வட்டாவோட வந்திரிக்கன். மாப்பிள்ளைட தாய் நீங்க. வாங்க எண்டு சொல்லுங்களன்."

பின்னால் ஹிதாயா சிரித்தது எனக்குக் கேட்டது. நிரோஜாவின் தாய் சிரிக்கவில்லை. வாயோரம் ஒரு இழுப்பு இழுத்தது, அதை அடக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், வட்டாவைப் பார்த்தாள், அக்கம் பக்கம் பார்த்தாள். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் வேலிக்கு வந்துவிட்டார்கள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "கை நோகும். தாங்க" என்று படலைக்கு மேலால் கையை நீட்டி வட்டாவை வாங்கிக்கொண்டாள். படலையைத் திறக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. "பிள்ளை வேலையால வந்த உடன கதைக்கணும். எண்ட ஆக்களிட்டயும் கதைக்கணும். உங்களுக்கு ஒரு அண்ணன் எண்டா எனக்கு மூணு பேர்" என்றாள். நான் தலையாட்டிவிட்டு ஓட்டோவுக்கு வந்தேன்.

ஏறி உட்கார்ந்த பிறகு கூப்பிட்டாள். "மிஸ்! அந்தக் கதையில, மேகலாட தாய் மறுகா திரும்பி வந்தாவா?" அவளும் வாசித்திருக்கிறாள்! மகளின் புத்தகம் தாயின் தலையணைக்குக் கீழேயும் போயிருக்கிறது. "அத எழுதினவருக்குத்தான் தெரியும். நான் ஞாயிற்றுக்கிழம திரும்பி வருவன்" என்றேன். அவள் வட்டாவோடு உள்ளே போனாள். உள்ளே கொண்டு போனாள் மகனே, படலையடியில் வைக்கவில்லை. வழி முழுக்க அதையே ஹிதாயாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இதுதான் நடந்தது. முழுதாக மனம் ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் முகத்தைத் திருப்பினது நெஞ்சுக்குள் நிற்கிறது. ஒரே குடி என்கிறது இன்னும் தொண்டையில் முள்ளாகத்தான் இருக்கிறது, விழுங்க நாள் செல்லும். ஆனால் நீ தனியாக ஒரு அறையில் இருந்து எனக்குப் போன் எடுத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டுக் கிழவனாகிறதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதோடு எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். உனக்காக மட்டும் இல்லை. காலையில் என்னோடு சண்டை பிடிக்க எனக்கு அவள் வேண்டும்.

குழுவில் இருக்கிற எல்லாரும் கேளுங்கள். படலையைத் திறக்க மாட்டேன் என்று நான் சொன்னது பிழை. அந்தப் பக்கத்தைச் சரியாக வாசித்தது வெள்ளாமைதான். அவளைத் திரும்பச் சேர்க்கும்படி ஹிதாயாவிடம் சொல்லியிருக்கிறேன், வருவதும் வராததும் அவள் விருப்பம். மீன்வாடியில் விளக்குக் கொளுத்தினது யார், மணவறையில் இருந்தது யார் என்று இனி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கைதட்டினவர்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

இவ்வளவையும் எழுதி முடிக்கும்போது வெளியே பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். உன் அப்பா படலையைக் கழற்றித் தூக்கி வேலியோடு சாத்திக்கொண்டிருக்கிறார். "நீ ஓடி ஓடிப் பாக்கிறதப் பாக்க ஏலாது. இனி அடிபடாது" என்கிறார். அதற்குள் ஒரு ஆடு உள்ளே வந்து என் செவ்வரத்தைப் பூச்செடியைக் கடித்துவிட்டது. கடிக்கட்டும்.

சனிக்கிழமை நீ வா. அவளையும் கூட்டிக்கொண்டு வா, அவளின் தாய் விட்டால். விடாவிட்டால் நீ மட்டும் வா, ஞாயிறு இரண்டு பேருமாகப் போவோம். இங்கே திறக்கப் படலை இல்லை. நான் முற்றத்தில் நிற்பேன், வாங்க என்று சொல்ல.

அம்மா